பைல் போட்டிருக்கோம் சார், பயமே வேணாம்!

"பைல் ஃபவுண்டேஷன் சார். 65 அடி ஆழம். நூறு வருஷத்துக்கு அசையாது."

ஏரியோரம், சதுப்பு நிலத்தோரம் ஃப்ளாட் பார்க்கப் போன யாரை வேணா கேட்டுப் பாருங்க, இந்த வசனத்தைக் கேட்டிருப்பாங்க. கேட்டவரும் ஏதோ பூமியோட நடுமத்தியில ஆணி அடிச்சு கட்டடத்தை மாட்டி வெச்ச மாதிரி நெனச்சுக்கிட்டு, "கார் பார்க்கிங் கவர்டா, ஓப்பனா?"ன்னு அடுத்த கேள்விக்குத் தாவிடுவார். எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். பைல் என்ன தாயத்தா, கட்டிக்கிட்டா பேய் அண்டாதுன்னு சொல்றதுக்கு?

எத்தனை அடி ஆழம்னு சொல்றாங்க. எத்தனை பைல்னு சொல்றாங்க. எவ்வளவு தாங்கும்னு கேட்டா ஒரு நம்பரும் சொல்றாங்க. அந்த நம்பர் எந்த மண்ணுக்குப் போட்டது, அந்த மண்ணு இன்னும் பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணும், இதை மட்டும் யாரும் சொல்றதில்லை. என்னோட சண்டை அந்த நம்பரோடதான். சிவில் படிக்காதவங்க ஓடிடாதீங்க, பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல ஒரு விஷயம். பைலோட தாங்குதிறன்னு நாம சொல்றது பைலோட குணமே இல்லை. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பைல் எடுத்துக்குங்க. எம்25 கான்கிரீட்டுக்கு நேர் அழுத்தத்துல அனுமதிக்கிற அளவை வெச்சு கணக்குப் போட்டா, அந்த கான்கிரீட் தூண் மட்டும் 170 டன் சுமக்கும். அதனால என்ன? அது நிக்கிறது மண்ணுல. மண்ணு எவ்வளவு விடுதோ அவ்வளவுதான். மண்ணு பைலை ரெண்டு விதமாத் தாங்குது. ஒண்ணு, பக்கவாட்டுல உடம்பு முழுக்கப் பிடிச்சுக்கிற உராய்வு. இன்னொண்ணு, அடி நுனியில கொடுக்கிற தாங்கல். ரெண்டையும் கூட்டி, பாதுகாப்புக் காரணியால வகுத்தா அனுமதிக்கிற எடை. ஐ.எஸ். 2911 சொல்ற நிலைச் சமன்பாட்டுக் கணக்கோட சாரம் இவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு இடம் வெச்சுக்குவோம். மேல 10 மீட்டர் மெத்துனு களிமண், என்ஜினியருங்க கொஹீஷன்னு சொல்ற பலம் சதுர மீட்டருக்கு 2.5 டன். கீழ 10 மீட்டர் கெட்டிக் களிமண், பலம் 8 டன். நம்ம பைல் 20 மீட்டர் நீளம். அதோட சுற்றளவு 1.885 மீட்டர், அடிப்பரப்பு 0.283 சதுர மீட்டர்.

மேல் களிமண்ணோட பிடிப்பு: 2.5 x 1.885 x 10 = 47 டன்.
கீழ் களிமண்ணோட பிடிப்பு: கெட்டிக் களிமண் தன் முழுப் பலத்தோட பைலை ஒட்டாது, அதனால பாதி. 0.5 x 8 x 1.885 x 10 = 75 டன்.
நுனித் தாங்கல்: களிமண் பலத்துக்கு 9 மடங்கு. 9 x 8 x 0.283 = 20 டன்.

மொத்தம் 142 டன்னும் சொச்சமும். 2.5ஆல வகுத்தா 57 டன். ஆச்சு, பைல் டிசைன் முடிஞ்சுது, வாங்க டீ குடிக்கலாம் :-)

இப்ப ஒவ்வொரு நம்பரையும் லேசா சுரண்டிப் பார்ப்போம்.

கெட்டிக் களிமண் "பாதி" ஒட்டும்னு ஒரு 0.5 போட்டோமே, அது எங்க இருந்து வந்துச்சு? அதுக்குப் பேரு ஆல்ஃபா. 1959ல ஸ்கெம்ப்டன்ங்கிற பிரிட்டிஷ் பேராசிரியர், லண்டன் களிமண்ணுல துளை போட்டு வார்த்த பைல்களை எடை ஏத்திச் சோதிச்ச முடிவுகளை அலசி, சராசரியா 0.45னு சொன்னார். புரியுதா? இந்த எண்ணை யாரும் காகிதத்துல கண்டுபிடிக்கலை. நிஜ பைல் மேல நிஜ எடை ஏத்தி, அது எவ்வளவு இறங்குதுன்னு பார்த்து எடுத்தது. அதுவும் லண்டன் மண்ணுக்கு. அப்புறம் வந்தவங்க வேற வேற மண்ணுக்குச் சோதிச்சு வரைபடம் போட்டாங்க, நம்ம கோடுலயும் ஒண்ணு இருக்கு. ஆக ஃபார்முலாவைப் பெத்த தாயே லோடு டெஸ்ட்தான். இன்னிக்கு என்ன நடக்குது? "ஃபார்முலாவுல வந்துடுச்சே, லோடு டெஸ்ட் எதுக்கு?"ங்கிறாங்க. பெத்தவளையே யாருன்னு கேக்கிற பிள்ளை.

அந்த 0.5ஐ 0.3ன்னு மாத்துங்க. துளை போட்டு ரெண்டு நாள் அப்படியே விட்டு, சுவர் ஊறி மெத்துனு ஆயிடுச்சுன்னா பிடிப்பு அந்த அளவுக்கு இறங்கினா ஆச்சரியமில்லை. 57 டன் 45 டன்னாயிடும். அதே பைல், அதே ஆழம், அதே சிமெண்ட்டு. கான்கிரீட் லாரி வர லேட்டானதுக்கு 12 டன்!

நுனியில இருக்கிற 20 டன்னுக்கு வாங்க. இங்க பல இடத்துல டி.எம்.சி. முறையிலதான் போடுறாங்க. மூணு கால் ட்ரைபாட், விஞ்ச், கீழ சிசல். பென்டோனைட் கரைசல் உள்ள போகும், வெட்டின மண்ணைத் தூக்கிக்கிட்டு மேல வரும். கடைசியில அடியில தங்குன சேறு சுத்தமா வெளியேறுற வரைக்கும் கழுவிட்டு, அப்புறம்தான் ட்ரெமி பைப் வழியா கான்கிரீட் விடணும். ராத்திரி பதினோரு மணிக்கு, மழைத் தூறல்ல, "போதும்ப்பா விடு"ன்னு ஒருத்தர் சொன்னா, ஒரு அடி சேறு மேல கான்கிரீட் உட்காரும். அப்புறம் நுனித் தாங்கல்னு ஒண்ணு காகிதத்துல மட்டும்தான் இருக்கும். நம்ம எடுத்துக்காட்டுல போறது 20 டன். நுனியையே நம்பி அடர்த்தி மணல்லயோ பாறையிலயோ உட்காருற பைல்னா, போறது பெரும்பங்கு.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் இனிமேதான்.

தாழ்வான இடத்துல வீடு கட்டுறப்ப முதல் வேலை என்ன? லாரி லாரியா மண்ணு கொட்டி ரோடு மட்டத்துக்கு உசத்துறது. 2 மீட்டர் கொட்டினா சதுர மீட்டருக்கு மூன்றரை டன்னுக்கு மேல புது எடை. கீழ இருக்கிற மெத்துனு களிமண் இந்த எடையில மெல்ல மெல்ல தண்ணியைக் கக்கி அமுங்கும். ஒரு வாரத்துல இல்லை, வருஷக்கணக்குல. பைல் கெட்டி மண்ணுல கால் ஊனி நிக்குது, அதைச் சுத்தி இருக்கிற மேல் மண்ணு கீழ இறங்குது. இறங்குற மண்ணு பைலைத் தாங்குமா? பிடிச்சு கீழ இழுக்கும்! சில மில்லிமீட்டர் இறக்கமே இதுக்குப் போதும். எதிர்மறை உராய்வுன்னு இதுக்குப் பேரு. கோடுலயே இருக்கு, எல்லா சிலபஸ்லயும் இருக்கு.

கணக்கைத் திரும்பப் போடுங்க. மேல் களிமண்ணோட 47 டன் இப்ப தாங்குற பக்கம் இல்லை, இழுக்கிற பக்கம். 75ஐயும் 20ஐயும் கூட்டினா 95 டன்னும் சொச்சமும். அதுல 47ஐக் கழிச்சா மிச்சம் 48 சொச்சம். 2.5ஆல வகுத்தா 19 டன்னு சொச்சம். 57 டன் எங்க, 19 டன் எங்க? இதுவும் தாராளமான கணக்கு. 95ஐ முதல்ல 2.5ஆல வகுத்துட்டு அப்புறமா 47ஐக் கழிக்கிற கறார் முறையில போட்டா விடை மைனஸ்ல வருது. அதாவது கட்டடம் ஏறுறதுக்கு முன்னாடியே, மண்ணைச் சுமக்கிறதுலயே பைலோட கணக்கு தீர்ந்து போச்சு.

இந்த இழுவையை தாங்குதிறன்ல கழிக்கக் கூடாது, இது அமுங்கல் பிரச்சினைன்னு வாதாடுற நிபுணர்களும் இருக்காங்க. சரி, அவங்க வழிக்கே போவோம். அப்ப பைல் எவ்வளவு இறங்கும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க. ரெண்டுல ஒண்ணாவது பண்ணணுமா இல்லையா? ரெண்டையும் பண்ணாம 57ன்னு எழுதி கையெழுத்து போடுறதுக்கு எந்த நிபுணரும் சப்போர்ட்டுக்கு வரமாட்டார்.

இப்ப ஒரு குரல் வரும்: "அதுக்குத்தான் சார் ரெண்டரை மடங்கு பாதுகாப்புக் காரணி வெச்சிருக்கு!"

அய்யா, பாதுகாப்புக் காரணி உங்க சோம்பேறித்தனத்துக்கு வெச்ச இன்ஷூரன்ஸ் கிடையாது. மண்ணு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், சோதனையில கொஞ்சம் பிசகும், வேலையில கொஞ்சம் குறை வரும், அந்தக் "கொஞ்சம்"களுக்காக வெச்சது. தாங்க வேண்டிய மண்ணே தலைகீழா இழுக்கும்போது காரணி என்ன பண்ணும்? மேல போட்ட கணக்கையே பாருங்க. 57 டன் எடை ஏத்தியிருக்கோம். இழுவை போக, உடைப்பு எல்லையில மிச்சம் இருக்கிற தாங்கலே 48 டன் சொச்சம்தான். ரெண்டரைன்னு நெனச்ச காரணி ஒண்ணுக்கும் கீழ. உடனே இடிஞ்சு விழாது, பயப்படாதீங்க. இறங்கும், ஒரு பக்கம் சாயும், கதவு மூடாது, சுவர்ல குறுக்க விரிசல் வரும். "பெயிண்ட் வெடிப்பு சார், எல்லா பில்டிங்லயும் வர்றதுதான்"னு அதே ஆளு வந்து சொல்லுவார்.

இன்னொரு குரல்: "பக்கத்து பிளாட்டுக்கு சாயில் டெஸ்ட் எடுத்திருக்கோம், அதே ஏரியாதானே!"

அதே ஏரியாவா? பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் சார்னகைட் பாறை மேலேயே தலைகாட்டுது. திருவான்மியூர்ப் பக்கம் கடல் மணல். நடுவுல பள்ளிக்கரணையில சதுப்புக் களிமண். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ள மூணு உலகம். அவ்வளவு தூரம் ஏன்? ஒரே மனையில ஒரு மூலையில பழைய குட்டை இருந்து தூர்ந்திருந்தா, 20 மீட்டர் தள்ளி வேற மண்ணு. பைலுக்கு மனையோட எல்லைக்கல் தெரியுமா என்ன?

சாயில் டெஸ்ட் எடுத்தாலும் எப்படி எடுத்தாங்கன்னு பார்க்கணும். எஸ்.பி.டி.ன்னா, 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து விட்டு, முதல் 15 சென்டிமீட்டரை விட்டுட்டு அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடின்னு எண்ணணும். கயித்தை இழுக்கிற தம்பி மத்தியான வெயில்ல களைச்சுப் போய் 60 சென்டிமீட்டர்லயே விட்டா அடி எண்ணிக்கை கூடும், மண்ணு திடீர்னு பலசாலி ஆயிடும். அந்த எண்ணுல இருந்துதான் மணலோட உராய்வுக் கோணம், அந்தக் கோணத்துல இருந்துதான் நுனித் தாங்கல் காரணி. கோணம் 30 டிகிரியில இருந்து 40 ஆனா அந்தக் காரணி பல மடங்கு எகிறும். அஸ்திவாரத்தோட மொத்த நம்பிக்கையும் அந்தத் தம்பி கையில. அவருக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடும், பக்கத்துல நின்னு எண்ண ஒரு என்ஜினியரும் வேணாமா?

சரி, லோடு டெஸ்ட். ஐ.எஸ். 2911 நாலாம் பகுதி, 2013 திருத்தம், தெளிவாச் சொல்லுது. வேலை தொடங்கும்போது தனியா ஒரு சோதனை பைல் போட்டு, எதிர்பார்க்கிற எடையைப் போல ரெண்டரை மடங்கு ஏத்திப் பாருங்க. அப்புறம் கட்டடத்துக்கான பைல்கள்லயே அரை சதவீதமாவது எடுத்து ஒன்றரை மடங்கு ஏத்திப் பாருங்க. நம்ம 57 டன் பைலுக்கு ரெண்டரை மடங்குன்னா 140 டன்னுக்கு மேல மணல் மூட்டை அடுக்கி, ஜாக்கி வெச்சு அழுத்தணும். செலவு ஆகும், நாள் ஆகும். லாபியில இத்தாலி மார்பிள் போட காசும் நாளும் இருக்கிற இடத்துல இதுக்கு மட்டும் இல்லையாம்.

ஆனா லோடு டெஸ்ட் பண்ணிட்டா எல்லாம் சரின்னு நானும் சொல்லமாட்டேன். நம்ம எடுத்துக்காட்டு பைலை, மண்ணு கொட்டின உடனே சோதிச்சுப் பாருங்க. ஜம்முனு பாஸ் ஆகும்! ஏன்னா ரெண்டு நாள்ல முடியிற சோதனையில பைல்தான் கீழ இறங்கும், மேல் களிமண் அதைத் தாங்கிப் பிடிக்கும். பத்து வருஷத்துல அதே களிமண் எதிர்ப்பக்கம் மாறப் போறது அந்த டயல் கேஜுக்கு எப்படித் தெரியும்? ஃபார்முலாவும் வேணும், டெஸ்ட்டும் வேணும். ரெண்டுக்கும் மேல அந்த இடத்தோட வரலாறு வேணும். முன்னாடி ஏரியா, வயலா, எப்ப எவ்வளவு மண்ணு கொட்டினாங்க, பக்கத்துல யாராவது நிலத்தடி நீரை உறிஞ்சறாங்களா. இதை ஒரு வயசான ஊர்க்காரர்கிட்ட டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிஞ்சுடும்.

"இதெல்லாம் நம்ம ஊர்ல சார், வெளிநாட்டுல பாருங்க எப்படி கட்டுறான்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். பார்த்துடுவோம். சான் ஃபிரான்சிஸ்கோவுல மில்லேனியம் டவர், 58 மாடி, 2009ல முடிஞ்சது. பணக்காரங்க வீடு. பைல்கள் அடர்த்தியான மணல் அடுக்குல நின்னுது, பாறை வரைக்கும் போகலை. 2016ல கட்டடம் 16 அங்குலம் அமுங்கி, சாஞ்சும் போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுது. மணலுக்குக் கீழ இருந்த பழைய களிமண் அடுக்கு அமுங்கிடுச்சு. யார் காரணம்னு வழக்கு மேல வழக்கு. கடைசியில பாறை வரைக்கும் புதுசா 18 பைல் இறக்கி, 2023லதான் அந்த வேலை முடிஞ்சுது. ஒத்தை பைலை மேல இருந்து அழுத்திப் பார்த்தா அந்தக் களிமண் தெரியவே தெரியாது. நூத்துக்கணக்குல சேர்ந்து ஒரு கூட்டமா அழுத்தும்போது பாரம் பல மடங்கு ஆழத்துக்குப் போகும். ஒரு பைல் 57 டன்னா நூறு பைல் 5700 டன்னுன்னு பெருக்கிப் பார்க்கிறவங்க இதை யோசிக்கணும்.

அதே 2009 ஜூன் 27, ஷாங்காய். லோட்டஸ் ரிவர்சைட் குடியிருப்புல 13 மாடிக் கட்டடம், குடி வர்றதுக்கு முன்னாடியே அப்படியே மல்லாக்கப் படுத்துடுச்சு. ஒரு தொழிலாளி செத்துப் போனார். ஒரு பக்கம் பார்க்கிங்குக்காக நாலரை மீட்டருக்கு மேல தோண்டினாங்க, எடுத்த மண்ணை இன்னொரு பக்கம் 10 மீட்டர் உயரத்துக்குக் குவிச்சாங்க. மண்ணு பக்கவாட்டுல தள்ள, பைல்கள் சுள்ளி மாதிரி முறிஞ்சுது. செங்குத்தா எவ்வளவு தாங்கும்ங்கிற கணக்கு அந்த பைல்களுக்கு சரியாவே இருந்திருக்கலாம். பக்கவாட்டுல வந்ததை யாரும் கேக்கலை.

ஆக, ஆழம் ஒரு பதில் இல்லை. எண்ணிக்கை ஒரு பதில் இல்லை. எக்ஸெல் ஷீட்டுல கடைசிக் கட்டத்துல வர்ற நம்பரும் பதில் இல்லை. எந்த மண்ணு, அது யார் பக்கம், எவ்வளவு நாளைக்கு? இதுக்கு பதில் சொல்லாத டிசைன் டிசைனே இல்லை.

என் சக என்ஜினியர்கள்கிட்ட ஒண்ணு. 57ன்னு கையெழுத்து போடும்போது, அதுக்கு மேல ஒரு வரி சேர்த்து எழுதுங்க: மேல் 10 மீட்டர் மண்ணு இனி அமுங்காதுன்னு வெச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு இது. அந்த ஒரு வரியை எழுத கை கூசுச்சுன்னா, உங்களுக்கே தெரியுது அது பொய்னு.

வாங்கறவங்களுக்கு இன்னொண்ணு. வாஸ்து பார்க்க ஆளைக் கூட்டிட்டுப் போறீங்க, வக்கீல்கிட்ட வில்லங்கம் பார்க்கிறீங்க. 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டப் போற வீடு எதும் மேல நிக்குதுன்னும் கேளுங்க. போர்ஹோல் எத்தனை, எங்கெங்க, எவ்வளவு ஆழம்? பைல் நுனிக்கும் கீழ துளை போட்டுப் பார்த்தாங்களா? மனையை உசத்த மண்ணு கொட்டினாங்களா, எப்ப? இழுவையைக் கணக்குல சேர்த்தாங்களா? லோடு டெஸ்ட் ரிப்போர்ட் எங்க, எத்தனை டன்ல எத்தனை மில்லிமீட்டர் இறங்குச்சு? இந்த அஞ்சு கேள்வி கேட்க டிகிரி வேணாம். வாங்கற ரிப்போர்ட் புரியலைன்னா சிவில் படிச்ச ஒரு சொந்தக்காரர் கண்டிப்பா இருப்பார், கல்யாண வீட்டுல அவரை ஓரங்கட்டிக் காட்டுங்க.

பதில் சொல்லாம "பயமே வேணாம் சார்"னு திரும்பவும் சிரிச்சா, செருப்பை மாட்டிக்கிட்டு கிளம்பிடுங்க. பயப்பட வேண்டிய நேரம் அதுதான்.

பி.கு: "நான் 30 வருஷமா இப்படித்தான் பைல் போடுறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு பின்னூட்டம் போட வர்ற பெரியவங்களுக்கு: போட்ட கட்டடத்துக்கெல்லாம் பத்து வருஷம் கழிச்சு போய் மட்டம் எடுத்துப் பார்த்தீங்களான்னு மட்டும் சேர்த்து எழுதிடுங்க. மத்தபடி திட்டு, கும்மி எல்லாத்துக்கும் கதவு திறந்தே இருக்கு. எங்க வீட்டுக் கதவு இன்னும் சரியா மூடவும் செய்யுது :-)